முதல் மழையன்று பட்டி எந்தப் பக்கம் நின்றது

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பாலிடெக்னிக்கில், இரண்டாம் வருடப் பரீட்சையில். அதைத் திருத்தியவர் என்ன பாடு பட்டாரோ, படிப்பு அதோடு நின்றது. ஆனால் ஒரு விஷயம் நாலு மாதமாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாயால் சொன்னால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. எழுதினாலாவது ஒரே இடத்தில் நிற்குமா என்று பார்க்கிறேன்.

போன தை மாதம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தாராபுரம் தாண்டி ஒரு கொறங்காட்டில் நிற்கும் கம்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொறங்காடு என்றால் எங்கள் பக்கம் ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். காடு என்றதும் புலியை நினைக்க வேண்டாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். கோடையில் அந்தப் புல்லும் காய்ந்து துடைப்பம் மாதிரி நிற்கும்.

கம்பம் இரண்டு ஆள் உயரம். உச்சியில் ஒரு கருவி. மேலே மூன்று விரல், கீழே மூன்று விரல், யாரையோ கிள்ளப் போகிற மாதிரி இருக்கும். அது நொடிக்குப் பத்துத் தடவை காற்றைப் பார்க்கும். காற்று தரையிலிருந்து மேலே போகிறதா, மேலேயிருந்து தரைக்கு வருகிறதா, எந்தத் திசையிலிருந்து வருகிறது, அதில் ஈரம் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு. கம்பத்தின் அடியில் மண்ணுக்குள் நாலைந்து கம்பிகள் புதைத்திருக்கும். அவை மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் பார்க்கும். இவ்வளவும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் பதிவாகும். சோலார் பலகையில் காக்கை எச்சமிட்டால் துடைப்பது, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, ஒரு நோட்டில் அன்றன்று நடந்ததை எழுதுவது. என் வேலை இவ்வளவுதான். இதை என் வீட்டில் சொன்னபோது, காற்றைக் காவல் காக்க ஆள் வைத்திருக்கிறார்களா என்று சிரித்தார்கள்.

கம்பம் ஒரு அக்காவுடையது. நாகர்கோவில் பக்கம். கோயமுத்தூரில் தங்கி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர். ஊசி போடாத டாக்டர். வாரத்துக்கு ஒருமுறை வந்து பெட்டியிலிருந்து பதிவான மெமரி அட்டையை எடுத்துப் போவார். முதல் வாரமே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்.

"தம்பி, இந்த மண்ணு மாசக்கணக்கா காஞ்சு கெடக்கு. உள்ள இருக்கற நுண்ணுயிரெல்லாம் தூங்குது. முதல் மழை விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்துல முழிச்சு மூச்சு விடும். அந்த ஒரு ராத்திரி மூச்சு, வருசம் பூரா விடற மூச்சுல எவ்வளவு பங்குன்னு பாக்கணும். அதுதான் என் வேலை."

"எங்க மாமாவும் மத்தியானம் தூங்கி எந்திரிச்சா அப்படித்தானுங்க்கா மூச்சு உடுவாரு. அவரை அளந்தீங்கன்னா மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லைங்க."

அக்கா சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். முதல் வருடம் கருவி வந்து சேரவே கோடை முடிந்துவிட்டதாம். இரண்டாம் வருடம் மழை வந்த அன்று பேட்டரி செத்துப்போனதாம். இது மூன்றாவது வருடம். நாலாவது கிடையாது. இந்தக் கோடையின் முதல் மழை கையில் கிடைத்தால் பட்டத்துக்கு எழுதும் புத்தகம் முடியும், இல்லாவிட்டால் வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

"அதனால ஒண்ணு மட்டும் மறக்காத. கம்பத்தைச் சுத்தி நூறு அடிக்குள்ள ஆடு மாடு வரக் கூடாது."

"செரிங்க்கா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒயரைக் கடித்துவிடும் என்பதற்காக என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் நான் முட்டாள் ஆனேன். ஆனால் அன்றைக்கு அது தெரியவில்லை. வெள்ளாடு ஒன்று என் செருப்பையே தின்றிருக்கிறது, ஒயரை விடுமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

நோட்டில் தினமும் எழுதினேன். மூன்று நாளைக்கு ஒழுங்காக எழுதினேன். "வெயில். பச்சை விளக்கு எரிகிறது. யாரும் வரவில்லை." நாலாம் நாள் அலுத்துவிட்டது. "ஓணான் ஒன்று கம்பத்தில் ஏறி ஆய்வு செய்தது. கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது." மறுநாள், "மயில் இரண்டு வந்தன. முன் அனுமதி பெறவில்லை. எச்சரித்து அனுப்பினேன்." அக்கா வாராவாரம் அதைப் படித்துச் சிரிப்பார். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஊக்கம் வந்தது. வெளிநாட்டு மந்திரி ஒருவரே ஹெலிகாப்டரில் வந்து கம்பத்துக்கு மாலை போட்டதாக ஒரு நாள் எழுதினேன்.

அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், காட்டையும் மாட்டையும் பார்ப்பது இந்த அம்மாதான். கம்பம் நிற்கும் இடத்துக்கு வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் கணக்கில் கம்பம் அவர் காட்டுக்கு வந்த ஒறம்பரை, அதாவது விருந்தாளி. நான் போகும்போதெல்லாம், "ஏங்கண்ணு, நம்ம ஒறம்பரை சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. அக்காவிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் கோயமுத்தூரில் எங்கள் கணபதிக்கு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் கொறங்காட்டிலிருந்து போன். ஆட்டுக்காரர். அந்தச் சுற்று வட்டாரத்தில் அறுபது எழுபது செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காடு காடாகப் பட்டி போடுகிறவர். மூங்கில் படல்களைச் சதுரமாக நிறுத்தி ராத்திரிக்கு ஆடுகளை உள்ளே அடைப்பார். மறுநாள் படல்களைப் பிடுங்கி ஒரு பட்டி அளவு தள்ளி நிறுத்துவார். அடைந்த இடத்தில் எருவும் மூத்திரமும் விழுந்து புல் நன்றாக வரும். எந்தக் காட்டுக்காரரும் அதற்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

"ஏந்தம்பி, ஆத்தா ஒரு வேலை சொல்றாங்க. உன்ற கம்பத்தோரமா ஒரு ஏழு நாளைக்குப் பட்டி போடச் சொல்றாங்க. போட்டுக்கட்டுமா?"

பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"கண்ணு, நம்ம காட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு. சுத்தி எல்லா எடத்துலயும் பட்டி போட்டுப்போட்டு ஒறம்பரை நிக்கற எடத்தை மட்டும் உட்டா நல்லாருக்குமா? கம்பத்துக்கார அம்மணி என்ன நெனைக்கும்?"

நான் நோம்பிக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காதில் பறை, ஒரு காதில் இது. "போடுங்க, ஒயரை மட்டும் கடிக்காம பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சாயங்காலம் போடலாம் என்று நினைத்தேன், சாயங்காலம் வேறு ஏதோ நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் மழை பெய்தது. தாராபுரம் பக்கம் நல்ல மழை என்று தெரிந்ததும் அடித்துப் பிடித்து முதல் பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது, ஆனால் வானம் மூடிக்கிடந்தது. பட்டி பிரிக்கப்படவில்லை. நனைந்த ஆடுகள் உள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஆட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பீடி பற்றவைக்கப் பார்த்தார், பற்றவில்லை. நான் ஓடிப்போய் ஒயர்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கடிபடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு நிம்மதி. ஒரு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினேன்.

"மாநாடு. அறுபத்தைந்து பிரதிநிதிகள். மேடையை ஒட்டியே தங்கினார்கள். கொட்டும் மழையிலும் கூட்டம் கலையவில்லை."

எழுதியது சத்தியம். எழுதிய விதம்தான் என் வழக்கம். எழுதிவிட்டதால் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அட்டையை நானே எடுத்து பஸ்ஸில் அனுப்பிவைத்தேன், ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. மழை ராத்திரியில் மண் விட்ட மூச்சு அவர் எதிர்பார்த்ததை விடப் பெரிதாம். அவருடைய பேராசிரியர் வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தாராம். "தம்பி, மண்ணு மூச்சு விட்ருச்சுடே" என்றார். முதல் தடவையாக என்னை "டே" என்றார். நானும் சந்தோஷமாக, எங்கள் மண் எதையும் கொஞ்சமாகச் செய்யாது என்று பீற்றிக்கொண்டேன். ஆட்டைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. எனக்கும் ஆட்டுக்கும் தெரிந்த வரை மண்தான் மூச்சு விட்டது.

மழைக்குப் பிறகு கணக்குப் போடுவதிலேயே இருந்த அக்கா ஆனி மாதம்தான் மறுபடி வந்தார், காட்டில் உட்கார்ந்து நோட்டை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். எந்த நாள் என்ன நடந்தது என்பது புத்தகத்தின் கடைசியில் போக வேண்டுமாம். ஓணானுக்குச் சிரித்தார், மந்திரிக்குச் சிரித்தார், மாநாட்டுக்கும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"அக்கா, அது நெசம்ங்க."

"எது?"

"மாநாடு. ஆடு வந்துச்சுங்க."

"ஆமா, மந்திரிகூட ஹெலிகாப்டர்ல வந்தாரு."

"இல்லீங்க்கா. அன்னைக்கு நெசமாலுமே பட்டி போட்டிருந்தாங்க. ஒயரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் பாத்துப்போட்டேன்."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் போனை எடுத்து அந்தச் செல்ஃபியைக் காட்டினேன். படத்தில் என் பல்லும் ஒரு ஆட்டின் காதும் கொஞ்சம் சாம்பல் வானமும் இருந்தன. அக்கா படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லேப்டாப்பை மூடினார்.

"தம்பி, ஆடும் மூச்சுதானே விடும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறுபத்தைந்து ஆடுகள் ராத்திரி முழுக்கக் கருவிக்குக் கீழே மூச்சு விட்டிருக்கின்றன. ஆடும் விட்டது கரியமில வாயு, மண்ணும் விட்டது கரியமில வாயு. வாயுவில் பெயரா எழுதியிருக்கும்?

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது கிண்டல் செய்து தப்பித்திருப்பேன். பேனா மூடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு கேட்டார்.

"பட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு? அன்னைக்கு ராத்திரி பூரா காத்து மேக்கருந்துதான் வந்துருக்கு. கம்பத்துக்கு மேக்கே பட்டி இருந்தா ஆட்டு மூச்சு கருவிக்கு வந்துருக்கும், எல்லாம் போச்சு. கிழக்கே இருந்துருந்தா காத்து அதை அந்தப் பக்கமா கொண்டுபோயிருக்கும். அப்போ ஒண்ணும் கெடல."

பட்டி போட்ட இடம் அப்படியே தெரிந்தது. எரு விழுந்த இடத்தில் மட்டும் புல் அடர்ந்து, கம்பத்துக்குப் பக்கத்தில் மேற்கிலிருந்து கிழக்கு வரை ஏழு பச்சைச் சதுரங்கள். முதல் மூன்று கம்பத்துக்கு மேற்கே. கடைசி மூன்று கிழக்கே. நடுவில் ஒன்று கம்பத்துக்கு நேராக. மழை பெய்தது பட்டியின் எத்தனையாவது ராத்திரி என்று தெரிந்தால் போதும், ஆனால் போன் செய்த அன்றைக்கே பட்டியை ஆரம்பித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அந்த அம்மாவும் வந்துவிட்டார்.

"மூணாவது எடமுங்க" என்றார் ஆட்டுக்காரர். "நெனப்பிருக்குதுங்க. மழைக்கு முந்தி ஒருநாள் ஆடு ஒண்ணு குட்டி போட்டுதுங்க, அன்னைக்குப் படலை நகத்தல. அதனால மூணாவதுங்க."

"என்னத்தக் கண்டே நீ" என்றார் அந்த அம்மா. "குட்டி போட்டது மழைக்குப் பொறகு. ஈரத்துல குட்டி நடுங்குதுன்னு நாந்தானே சாக்கு குடுத்தேன். மழை அஞ்சாவது நாளு அம்மணி, கெழக்கால."

"ஆத்தா, அந்தக் குட்டி வேறங்க. அது ரெண்டாவது குட்டி."

"ரெண்டு குட்டியும் ஒரே நாள்லதான் போட்டுச்சு."

"ஒரே ஆடு இல்லீங்க ஆத்தா."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. குட்டிகளைக் கூட்டிவந்து வயது பார்த்தார்கள். சதுரங்களின் மேல் நடந்து நடந்து எண்ணினார்கள். ஆட்டுக்காரர் மேற்கிலேயே நின்றார், அம்மா கிழக்கிலேயே நின்றார். கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ காலையில வந்து பாத்தல்ல. பட்டி அப்போ பிரிக்கல. எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். நனைந்த ஆட்டு வாடை ஞாபகம் வந்தது. சாக்கு ஞாபகம் வந்தது. பற்றாத பீடி ஞாபகம் வந்தது. ஆடுகளைப் பார்க்கிறேன், கம்பத்தையும் பார்க்கிறேன், இரண்டையும் சேர்த்து ஒரே படத்தில் பார்க்க முடியவில்லை. சூரியன் இருந்திருந்தால் திசை தெரிந்திருக்கும். அன்று சூரியனும் லீவு. அக்கா பேனா மூடியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூன்று வருடம் அங்கே நின்றது.

"கெழக்கேங்க்கா" என்றேன்.

"சும்மா சொல்லல்லியே?"

"இல்லீங்க்கா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் சொன்னதாலேயே அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா ஆட்டுக்காரரைப் பார்த்து, "பாத்தியா" என்றார். ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம். பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியவில்லை. காட்டுக்குள் நுழையும் வழி கிழக்கே இருக்கிறது. நான் உள்ளே வந்ததும் முதலில் ஆடுகளைத்தான் பார்த்தேன், கம்பத்தைப் பிறகுதான் பார்த்தேன். அப்படியானால் பட்டி கிழக்கே. இதை நினைத்து ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள், நான் முதலில் ஓடிப்போய் ஒயரைத்தானே தடவினேன், அதற்குப் பிறகுதானே ஆட்டுக்குப் போனேன் என்று தோன்றியது. அப்படியானால் மேற்கே. ஒருவேளை ஓடும்போது ஆடுகளைத் தாண்டித்தான் ஓடினேனோ. தாண்டினேன் என்றால் ஆடு ஒன்று காலில் இடித்திருக்கும். இடித்த மாதிரியும் இருக்கிறது. எத்தனை தடவை நினைக்கிறேனோ அத்தனை தடவை ஆடு இடிக்கிறது. முதலில் இடிக்கவில்லை, இப்போது நன்றாகவே இடிக்கிறது. நான் ஞாபகப்படுத்திக்கொள்கிறேனா, செய்துகொண்டிருக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய்யை நிஜம் மாதிரி சொல்லிச் சிரித்தவன் நான். எது எது என்று எனக்காவது தெரியும் என்றுதான் இருந்தேன்.

ஆவணியோடு என் வேலை முடிந்தது. மறுபடியும் கணபதியில் லேத் பட்டறைக்கு வந்துவிட்டேன். போன மாதம் அக்கா புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "உன்னைப் பத்தி எழுதிருக்கேன்" என்று கீழே போட்டிருந்தார். இங்கிலீஷ். போனிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். மழை பெய்த இரவில் ஆட்டுப்பட்டி கம்பத்துக்குக் கிழக்கே இருந்ததைக் களப் பணியாளர் நேரில் கண்டு உறுதி செய்தார் என்று வந்தது. களப் பணியாளர் நான். நேரில் கண்டது என் கண். தமிழாக்கம் தப்பாக இருக்கும் என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அதுவேதான் வந்தது.

புத்தகத்தை அடுத்த மாதம் கொடுக்கிறாராம். "கண்டிப்பா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ட்ரீட்" என்று எழுதியிருந்தார். நான் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது? எனக்குத் தெரியாது என்று சொன்னால், அந்த ராத்திரியை அவர் எடுத்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிச்சம் வெயில்தான். ஆனால் பட்டி நிஜமாகவே கிழக்கே இருந்திருந்தால்? நல்லவன் ஆகப்போய், உண்மையான மூச்சையும் நானே அழித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், ஒரு ஆட்டு மந்தை மூச்சு விட்டதைப் படித்துவிட்டு எங்கோ யாரோ எங்கள் மண்ணைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டறையில் எனக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன் என் நண்பன். நான் சொல்வதில் பாதியைத்தான் கேட்பான், அதிலும் பாதியைத்தான் நம்புவான். அவனிடம் வாயால் சொன்னால் கதையாகிவிடும் என்றுதான் இதுவரைக்கும் உள்ளதை எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நேற்றுச் சாயங்காலம் அனுப்பினேன். படித்துவிட்டான் என்று நீலக் குறி வந்தது. பிறகு ஒரு வரி வந்தது.

"இதை அப்படியே அந்தக்காவுக்கு அனுப்புடா."